மேஸ்திரி தோளில் போட்ட வட்டம்

எங்க வீட்டுக்காரரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்ல. தட்டு மேஸ்திரின்னு சொன்னாத்தான் தெரியும். சுவரில் ஓதம் ஏறினாலும், மேல் வீட்டுக் குழாய் கசிஞ்சு கீழ் வீட்டுப் பூச்சு பொருமினாலும், போன வருஷம் அடிச்ச பெயிண்ட் இந்த வருஷம் செதில் செதிலா உரிஞ்சாலும் இவருக்குத்தான் ஃபோன் வரும். போனதும் ஒரு வணக்கம் கிடையாது, வாய் நனைக்கிறது கிடையாது. செருப்பைக் கழற்றி வச்சுட்டு நேரா சுவர்கிட்ட போய், காதை ஒட்டி வச்சு, விரல் முட்டியால் தட்ட ஆரம்பிச்சுடுவார். நல்ல பூச்சு கெட்டியா டொக்குன்னு பதில் சொல்லும். உள்ளே கழண்டுபோன பூச்சு பொத்துன்னு கேட்கும். பார்க்கிறவங்களுக்கு என்னமோ சுவருக்கு நெஞ்சுவலி வந்து இவர் பரிசோதனை பண்ற மாதிரி இருக்கும். முகத்தையும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் வச்சுக்குவார்.

அப்புறம் பாக்கெட்டிலேருந்து சாக்பீஸை எடுத்து ஒரு கோடு போடுவார். வம்பு ஆரம்பிக்கிறதே அங்கதான். வீட்டுக்காரங்க காட்டின கறை உள்ளங்கை அகலம் இருக்கும். இவர் போட்ட கோடு கதவு அகலம் இருக்கும்.

"என்ன மேஸ்திரி, கறை இத்தனூண்டு. நீங்க சுவரையே பேத்துடுவீங்க போல இருக்கே?"

"கறை இத்தனூண்டுதாங்க. தண்ணி அப்படியா நிக்கும்? கண்ணுக்குத் தெரியுற இடத்தோட நிறுத்தினா, அடுத்த மழைக்கு ஓரத்துல எட்டிப் பார்க்கும்."

"பாதி எடுத்தாப் போதாதா?"

அவ்வளவுதான். இந்த "பாதி"ங்கிற வார்த்தை காதில் விழுந்தா மனுஷனுக்கு மூக்குக்கு மேல கோபம் வந்துடும். சாக்பீஸைப் பாக்கெட்டில் போட்டுக்கிட்டு, வேற ஆளைப் பார்த்துக்கோங்கன்னு கிளம்பிடுவார். அவங்களும் பார்ப்பாங்க. வந்தவன் தெரியுற கறையை மட்டும் சுரண்டி, பட்டி மாவைக் குழைச்சு அப்பி, மேல ரெண்டு கோட்டிங் அடிச்சுட்டுப் போவான். அடுத்த மழைக்கு ஓரத்துல எட்டிப் பார்க்கும். மறுபடி இவருக்கு ஃபோன் வரும். அன்னிக்கு மட்டும் வீட்டில் என்கிட்ட ரொம்பப் பணிவா, "ஒரு டீ கிடைக்குமா?"ன்னு கேட்பார். மத்த நாள்ல எல்லாம் "டீ"தான். இவருக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்குன்னு நான் தெரிஞ்சுக்கிட்டது இப்படித்தான்.

இந்த மனுஷனுக்குத்தான் வலது தோள்ல, கழுத்துப்பட்டை எலும்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கட்டி வந்துச்சு. பட்டாணி அளவு. அடிபட்டுக் கன்றிப்போன மாதிரி ஒரு நிறம். தொட்டா கல்லு மாதிரி இருக்கும். வருஷக்கணக்கா அது பாட்டுக்கு இருந்துச்சு, இவர் பாட்டுக்கு இருந்தார். நான்தான் சும்மா இருக்கல.

"ஏங்க, அதைக் கொஞ்சம் காட்டிட்டு வாங்களேன்."

"வலிக்குதா? வலிக்கல. வலிக்காததுக்கு எதுக்கு டாக்டரு?"

வலிக்காத சுவரை மட்டும் எதுக்குத் தட்டுறாராம்? கேட்டேன். காதுல வாங்கிக்கல. என் நச்சரிப்பு தாங்காம ஒருநாள் தெருமுனை கிளினிக்குக்கு வந்தார். அங்க இருக்கிற டாக்டர் நல்ல மனுஷன். அமுக்கிப் பார்த்துட்டு, "இதைச் சுத்தி இருக்கிற தோலையும் கொஞ்சம் சேர்த்து எடுக்கணும். எடுத்ததை லேபுக்கு அனுப்பிப் பார்த்துடலாம்"னார்.

"சுத்தி இருக்கிறது நல்லாத்தானே இருக்கு டாக்டர்? தெரியுறதை மட்டும் எடுங்க, போதும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்தக் குரல் இவரோடது இல்லயே, எத்தனையோ வீட்டு வாசல்ல இவரை மடக்கி நிறுத்தின குரலாச்சே! திரும்பி இவர் முகத்தைப் பார்த்தேன். வெட்கம் துளி கூட இல்ல. லேபுக்கும் வேணாம்னுட்டார். எடுத்து எறிஞ்சதுக்கு அப்புறம் அதுக்கு என்ன ஜாதகம் பார்க்கணுமாம். டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வெளியே பெஞ்சு நிறையக் கூட்டம். கடைசியில், "அப்புறம் உங்க இஷ்டம்"னு பட்டாணியை மட்டும் எடுத்து ரெண்டு தையல் போட்டு அனுப்பினார். வீட்டுக்கு வந்து, "பார்த்தியா, ரெண்டே தையல்"னு எல்லார்கிட்டயும் சட்டைப் பட்டனைக் கழற்றிக் கழற்றிக் காட்டினார்.

அடுத்த வருஷம் ஒரு வீட்டுக் கூரையைக் கொத்திட்டுத் தோள்வலின்னு வந்து உட்கார்ந்தார். தைலம் தேய்ச்சு விட்டேன். தழும்புக்கு இந்தப் பக்கம் ஒண்ணு கையில் தட்டுப்பட்டுச்சு. அந்தப் பக்கம் ரெண்டு. "ஓரத்துல எட்டிப் பார்க்குதுங்க"ன்னேன். வேணும்னு சொல்லல, வாயில் அதுதான் வந்துச்சு. இவர் தைல பாட்டிலை வாங்கி மூடியைப் போட்டு வச்சார்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். டோக்கன் வாங்கி நடையில் உட்கார்ந்தோம். பேச்சுத் துணைக்குக் கூட என்னைப் பார்க்காம, ஜன்னலுக்குக் கீழே இருந்த சுவரைத் தட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தார். "உள்ளே மொத்தமும் போச்சு. மேல பெயிண்ட் மட்டும்தான் நிக்குது"ன்னார். பக்கத்தில் இருந்த அம்மா நகர்ந்து உட்கார்ந்தாங்க. நானும் நகரலாமான்னு பார்த்தேன், பெஞ்சில் இடமில்ல.

அங்க தோள்லேருந்து ஒரு துணுக்கு எடுத்து லேபுக்கு அனுப்பினாங்க. இந்தத் தடவை இவரைக் கேட்டு அனுப்பல. ரிசல்ட் வந்த அன்னிக்கு ஆபரேஷன் பண்ற டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டாங்க. சின்ன வயசு, எங்க பொண்ணைவிட ஒண்ணு ரெண்டு வயசு கூட இருக்கலாம். சுத்தி வளைக்கல. கேன்சர்னு சொன்னாங்க. தோல்ல வர்ற வகை, தோலுக்கு அடியில மெத்துன்னு இருக்கிற சதையைப் பிடிக்கிறது, ரொம்ப அபூர்வமானதுன்னாங்க.

"அபூர்வம்னா எப்படிங்கம்மா?"

"நானே இதுவரைக்கும் ஒருசிலரைத்தான் பார்த்திருக்கேன் ஐயா."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார் பாருங்க, ஒரு பார்வை! ஆயுசில் ஒரு குலுக்கல்ல ஒரு குடம் கூட விழாத மனுஷன். லட்சத்தில் ஒருத்தருக்கு வர்றது தனக்கு வந்திருக்குன்னு முகத்துல ஒரு பெருமை. அந்த இடத்துலயே ரெண்டு வைக்கலாம்னு இருந்துச்சு.

டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க. இது சாதாரணமா உடம்புல வேற இடத்துக்கு ஓடாதாம். அதுவரைக்கும் நல்லது. ஆனா இருக்கிற இடத்துல தோலுக்கு அடியில நாலா பக்கமும் வேர் விடுமாம். வெளியில தெரியுறது கொஞ்சம்தானாம். "கண்ணுக்குத் தெரியுற இடத்தோட நிறுத்தினா, ஓரத்துல திரும்ப வந்துடும்"னாங்க.

அச்சு அசல் அதே வார்த்தை. நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார். டாக்டரம்மா ஒரு பேனாவை எடுத்து, மூணு கட்டியையும் தழும்பையும் நடுவில் விட்டு, தள்ளித் தள்ளிப் புள்ளி வச்சு ஒரு வட்டம் போட்டாங்க. டீ சாஸர் அகலம் இருந்துச்சு. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் இவர் அதைப் பார்த்தார்.

"அம்மா, பாதி எடுத்தாப் போதாதா?"

சத்தியமா சொல்றேன், எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. முந்தானையை வாயில் வச்சு அடக்கினேன். அடக்கின சிரிப்பு எப்போ அழுகையா மாறுச்சுன்னு எனக்கே தெரியல. டாக்டரம்மா போதாதுன்னு தலையை ஆட்டினாங்க. இவர் எழுந்து, சட்டையைப் போட்டு, பட்டனை ஒவ்வொண்ணா மாட்டி, "யோசிச்சுச் சொல்றோம்"னுட்டு நடையைக் கட்டிட்டார்.

வீட்டுக்கு வந்து நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். "ஏங்க, ஊரெல்லாம் போய் நீங்க சொல்றதையேதானே அந்தப் பொண்ணு சொல்லுது? உங்களுக்கு மட்டும் கசக்குதா?"

"நான் சொல்றதையே சொல்லுது. அதனாலதான் நம்பல."

"என்ன உளர்றீங்க?"

ரொம்ப நிதானமா சொன்னார். "நான் போடுற கோட்டுல அரை அடி பொய்."

எனக்குப் புரியல. விளக்கினார். தட்டிப் பார்த்ததுமே கெட்டது எங்க முடியுதுன்னு இவருக்குத் தெரிஞ்சுடுமாம். அதுக்கு மேல நாலாபுறமும் அரை அடி சேர்த்துத்தான் கோடு போடுவாராம். நல்ல பூச்சையும் சேர்த்துத்தான் கொத்துவாராம். பின்னாடி எவனும் ஃபோன் பண்ணிக் கத்தக் கூடாதுல்ல! "தொழில்னா எல்லாரும் இப்படித்தான். அந்தப் பொண்ணும் பின்னாடி பேச்சு வரக் கூடாதுன்னு சேர்த்துத்தான் போட்டிருக்கும். சுவருன்னா பூசிக்கலாம். இது என் தோளு. இதை வச்சுத்தானே சுவரையே கொத்துறேன்?"

நான் ஆடிப்போயிட்டேன். இந்தக் கோட்டுக்காக எத்தனை பேர்கிட்ட நான் மல்லுக்கு நின்னிருக்கேன்! எதிர்வீட்டு அம்மா, "உங்க வீட்டுக்காரர் நல்ல சுவரையும் இடிச்சுட்டாரு"ன்னு சொன்னதுக்கு அவங்களோட பேச்சையே விட்டவ நான். அந்த அம்மா சொன்னது நிஜமாம்! இத்தனை வருஷமா தெருவுல எதிரெதிரா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனதெல்லாம் வீணாம்!

அதுக்கப்புறம் நான் கெஞ்சினேன், கத்தினேன், ரெண்டு நாள் பேசாம இருந்து பார்த்தேன். பொண்ணு ஃபோனில் அழுதா. "சரிம்மா, சரிம்மா"ன்னு சொல்லிட்டு வேலைக்குக் கிளம்பிடுவார். பேனா வட்டத்தைச் சோப்புப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு அழிச்சார். வட்டம் போச்சு. கட்டி மூணும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துக்கிட்டு வளர்ந்துச்சு. மாசங்கள் போச்சு. பிடிச்ச பிடியை விடல மனுஷன். நான் மட்டும் ஒவ்வொரு நாளும் இவர் சட்டையைத் துவைக்கும்போது தோள் பக்கத்தைப் பிரிச்சுப் பார்ப்பேன். இவர் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு அப்போதான் முதல்தடவையா நினைச்சேன். நினைச்சதுக்கு என்னையே திட்டிக்கிட்டேன்.

ஒருநாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டார். யாரோ புதுசா கட்டின வீடு. வெள்ளை பிரைமர் அடிச்ச சுவரில் சாய்ஞ்சபடி மூலையைத் தட்டிக்கிட்டு இருந்திருக்கார். நிமிர்ந்து பார்த்தா, சுவரில் சிவப்பா ஒரு கறை. கட்டி உடைஞ்சு, சட்டையைத் தாண்டி ரத்தம். துணியால் துடைச்சிருக்கார், மேல பிரைமர் அடிச்சிருக்கார். காய்ஞ்சதும் கறை மேல வந்துடுச்சு. மறுபடி அடிச்சிருக்கார், மறுபடியும் வந்துடுச்சு. வீட்டுக்காரர் வந்து, "என்ன மேஸ்திரி, புதுச் சுவருக்குள்ளயே ஓதமா?"ன்னு கேட்டாராம். இவர் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார்.

"கிளம்பு"ன்னார் என்கிட்ட. எங்கன்னு நான் கேட்கல.

டாக்டரம்மா திட்டுவாங்கன்னு நினைச்சேன். ஆசையாக் கூட இருந்துச்சு. அவங்க திட்டல. கட்டியைப் பார்த்ததும் முகம் மட்டும் ஒரு மாதிரி ஆச்சு. ஏன் வரலன்னு கேட்டதுக்கு இவர் மறைக்காம சொல்லிட்டார், அரை அடிக் கதை உட்பட. அவங்க கேட்டுட்டு, "சரி, என்னை நீங்க நம்ப வேணாம் ஐயா. வேற ஒரு முறை இருக்கு"ன்னாங்க.

கட்டியை எடுத்துட்டு, அந்தக் குழியோட ஓரத்தையும் அடியையும் மெல்லிசாச் சீவி எடுப்பாங்களாம். மேல் பக்கம் எது, கை பக்கம் எதுன்னு கலர் மையால் அடையாளம் வச்சு லேபுக்கு அனுப்புவாங்களாம். அங்க ஓரம் முழுக்க மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாங்களாம். எந்தப் பக்கம் மிச்சம் இருக்கோ, அந்தப் பக்கம் மட்டும் மறுபடி ஒரு சீவல். சுத்தம்னு வர்ற வரைக்கும் இப்படியே. அதுவரைக்கும் காயத்தை மூடாம, மருந்துத் துணி வச்சுக் கட்டி வைப்பாங்களாம்.

"தட்டிப் பார்த்தா தெரியாதாம்மா?"

"தெரிஞ்சா நானும் தட்டியே பார்த்திருப்பேன்."

இவருக்கு இந்த முறை பிடிச்சுப்போச்சு. இதில் பொய்க்கு இடமில்ல பாருங்க. ஆனா ஒரு கண்டிஷன் போட்டார். "சுத்தம்னு வந்த இடத்துல நிறுத்திடணும். அதுக்கு மேல ஒரு நூல் கூட எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்"னாங்க டாக்டரம்மா. இருந்தாலும் ஒரு கணக்குக்காக மறுபடியும் பேனாவால் வட்டம் போட்டாங்க. கட்டி வளர்ந்ததால் வட்டமும் வளர்ந்திருந்துச்சு. வெளியே வந்ததும் இவர் என் காதில், "பார்த்துக்கிட்டே இரு, பாதி வட்டத்துலயே முடிஞ்சுடும்"னார்.

ஊசி போட்டு மரத்துப்போக வச்சு முதல் சீவல் எடுத்தாங்க. ரிசல்ட் வந்துச்சு. மூணு பக்கமும் அடியிலும் மிச்சம் இருக்கு. இவர் வார்டுக் கட்டில்ல படுத்துக்கிட்டு, "மூணு பக்கம்னா, ஒரு பக்கம் முடிஞ்சுடுச்சுல்ல"ன்னார். ரெண்டாவது சீவல். கை பக்கமும் அடிப்பக்கமும் இன்னும் இருக்கு. அடிப்பக்கம்னா தசை. தசையிலும் ஒரு பகுதியை எடுக்க வேண்டியதாப் போச்சு. கையைத் தோள் உயரத்துக்கு மேல தூக்குறது இனிமே கஷ்டம்தான்னு டாக்டரம்மா மறைக்காம சொன்னாங்க. கூரையைத் தட்டுற கை. இவர் கேட்டுக்கிட்டார். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரை அதுவரைக்கும் சும்மா இருக்கிற நேரமெல்லாம் தட்டிக்கிட்டு இருந்தவர், அன்னிலேருந்து அதைத் தொடல.

மூணாவது ரிசல்ட்டைச் சொல்ல அவங்களே வார்டுக்கு வந்தாங்க. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க.

"அடியில சுத்தம். கை பக்கம் மட்டும் இன்னும் இருக்கு. நான் போட்ட கோட்டையே தாண்டிடுச்சு ஐயா. நான் குறைச்சுப் போட்டுட்டேன்."

"குறைச்சா?"ன்னார் இவர்.

"ஆமா. இன்னும் பெருசா போட்டிருக்கணும்."

இவர் முகத்துல ஈயாடல. அந்தப் பொண்ணு போட்ட கோட்டுல அரை அடி இல்ல, ஒரு நூல் கூடப் பொய் இல்ல. இருந்திருந்தாலாவது தேவலையேன்னு இவருக்கு அப்போ தோணியிருக்கும். அவங்க போனதும் என்கிட்ட, "அன்னிக்கே ஒத்துக்கிட்டிருந்தா தசை மிஞ்சியிருக்கும், இல்ல?"ன்னு கேட்டார். ஆமான்னு சொல்ல நாக்கு துடிச்சுச்சு. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு சண்டையிலாவது ஜெயிக்கணும்னு இருந்தவ நான். ஜெயிச்சப்போ பார்த்தா, எதிர்ல சண்டை போட ஆளே இல்ல. "டீ வாங்கிட்டு வரேன்"னு எழுந்து போயிட்டேன்.

நாலாவது சீவலுக்கு அப்புறம் எங்களை டாக்டரம்மா தன் அறைக்கே கூப்பிட்டாங்க. உள்ளே போனதும் அவங்க சிரிச்ச முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

"சுத்தம். நாலு பக்கமும், அடியிலும். நாளைக்குத் தொடையிலேருந்து தோல் எடுத்து வச்சு மூடிடலாம். அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும். அவ்வளவுதான்."

எனக்கு உயிர் திரும்பி வந்துச்சு. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன், என்ன சொன்னேன்னே தெரியல. இவர் மட்டும் நாற்காலியை விட்டு அசையல. கட்டுப் போட்ட தோளை இடது கையால் தடவிக்கிட்டே உட்கார்ந்திருந்தார்.

"அம்மா."

"சொல்லுங்க ஐயா."

"இன்னும் கொஞ்சம் எடுத்துடுங்க."

டாக்டரம்மாவுக்குப் புரியல. எனக்கும்தான்.

"சுத்தம்னு வந்துடுச்சு ஐயா. எடுக்க ஒண்ணும் இல்ல."

"இருக்கட்டும்மா. சுத்தி ஒரு விரல் அகலம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கை தூக்க முடியாட்டியும் பரவாயில்ல. நல்ல இடத்துலேருந்தே எடுங்க, கேள்வி கேட்க மாட்டேன். எடுத்துடுங்கம்மா."

ஒரு நூல் அதிகம் வேணாம்னு சண்டை போட்ட வாய். யார்கிட்டயும் எதையும் கேட்டு வாங்காத மனுஷன், கையைக் கூப்பிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். வலது கை அரைவாசிதான் மேல வந்துச்சு. இத்தனை நாளும் இவருக்குப் பயமே இல்லன்னு நினைச்சுத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேனே.

டாக்டரம்மா எழுந்து வந்து, நல்லா இருக்கிற இடது தோள்ல கையை வச்சாங்க.

"ஐயா, இதுக்கு மேல அங்க நோய் இல்ல. நீங்கதான் இருக்கீங்க. உங்களை நான் எதுக்கு வெட்டணும்?"

இவர் வாய்விட்டு அழுதார். அவங்க கையை எடுக்காம நின்னாங்க. நான் இவர் சட்டையை எடுத்து, வராத கையை மெதுவா உள்ளே விட்டு, பட்டனை மாட்ட ஆரம்பிச்சேன்.